‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிற தியாவுக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவர் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துக்காரர். வயது 52. பிள்ளைகள் அவரைத் ‘தியா’ என்று கூப்பிடுவார்கள். ஸ்பானிஷில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும். டாக்டரிடம் போகும்போது அவருடைய 15 வயது மகள்தான் மொழிபெயர்க்கிறாள். யார் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன், கடவுளுக்கு நன்றி” என்பார். ஆனால் போன டிசம்பரில் எங்கள் சமையலறையில், தமாலே என்கிற சோள மாவுக் கொழுக்கட்டையை வேகவைக்கும் பெரிய பானையை அடுப்பில் ஏற்ற முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று அழுததைப் பார்த்துவிட்டேன். கை லேசாக வீங்கியும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்பானிஷ் ஆதரவுக் குழு இருக்கிறது என்று தெரிந்து நானே பெயர் கொடுத்தேன். ஒரு தடவை போனார், பிறகு போகவில்லை. கேட்டால் ‘நி மோதோ’ என்கிறார், எல்லாம் விதி என்பதுபோல. முள்சீத்தா இலைக் கஷாயம் வேறு குடிக்கிறார். கோயம்புத்தூரில் என் அம்மாவைக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள் நான். கடைசிவரை நோயின் பெயரை அம்மாவிடம் நாங்கள் சொல்லவே இல்லை. தியா விஷயத்திலும் அப்படிச் சும்மா இருக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கை. மற்றதைப் பிறகு பேசுவோம்.

ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கைதான் அது என்றால், அக்குளில் நெறி கட்டுமே, அந்த இடத்து நிணநீர் முடிச்சுகளை எடுத்திருப்பார்கள். வடிய வழி குறைந்துபோய் நீர் கையிலேயே தேங்குகிறது. ஆபரேஷன் முடிந்து சில மாதங்களிலும் இது வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். மோதிரம் இறுகும், சட்டைக் கை பிடிக்கும், கை கனக்கும். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். கட்டுப்போட்டு, இறுக்கமான கையுறை மாட்டி, பயிற்சி சொல்லிக்கொடுத்து வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். சீக்கிரம் போனால் நல்ல பலன் உண்டு. கை திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் தியா ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் 15 வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் கலிஃபோர்னியாவில் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக 17 வருடமாக இருக்கிறேன். ஸ்பானிஷ் இங்கே வந்து, இந்த வேலைக்காகக் கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அறையில் டாக்டர், ஓர் அம்மா, நடுவில் அவருடைய 13 வயதுப் பையன். நோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். பையன் குனிந்து தன் ஷூ லேஸையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “அடுத்த மாசமும் வரணுமாம்” என்றான். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அப்போது ஸ்பானிஷ் வந்திருந்தது, டாக்டருக்குத் தெரியாது. பேச்சை நிறுத்தச் சொல்லி, போனில் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்துவிட்டு, பையனை வெளியே கூட்டிப்போனேன். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் மாத்திச் சொன்னது அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமா?”

அந்தப் பையனை நான் மறக்கவில்லை. உங்கள் தியாவின் மகள் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டாள். ஆனால் அவர் சாப்பிடுகிற ஹார்மோன் மாத்திரை உடம்பைக் கொதிக்கவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், பிறப்புறுப்பை உலர்த்தும். கணவன் மனைவி உறவே அதனால் நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும். மகளின் வாய்வழியாக எந்தத் தாய் இதை டாக்டரிடம் சொல்வாள்? சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நடக்கும். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் விடாமல் சாப்பிடவேண்டிய மாத்திரை அது.

இதற்குச் சட்டமே இருக்கிறது. 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. அவசர நிலைமை தவிர, வயது வராத பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே “மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது” என்று சொல்லிவிடலாம். மகள் கூட வரட்டும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகளாக உட்காரட்டும்.

எந்த மொழியில் என்பதையும் தியாவிடமே கேட்கவேண்டும். வஹாகாக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சபோதெக், மிஷ்டெக், திரிக்கி என்று ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே பேசப்படும் மொழிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் வயல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிற வஹாகா மக்களில் நிறையப் பேருக்கு ஸ்பானிஷ் இரண்டாவது மொழி. கடையில் பேசச் சரளமாக வரும். உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சொல்ல வராது. சிறுவயதில் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். ‘ஹிஸ்பானிக்’ என்பது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் உள்ள எல்லாருக்கும் அமெரிக்கக் கணக்கெடுப்பு வைத்த பெயர். 2020 கணக்கெடுப்பில் 6.2 கோடி பேர் அந்த ஒரு கட்டத்துக்குள் வருகிறார்கள். அதில் மியாமியின் கியூபாக்காரரும் உண்டு, நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோக்காரரும் உண்டு. அவர்களுக்கு என்று அச்சடித்த துண்டறிக்கை வஹாகா மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை.

அடுத்தது ‘நி மோதோ’. அதை விதி என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஸ் போய்விட்டால் நி மோதோ, சோறு அடிப்பிடித்தால் நி மோதோ. நம் பேச்சில் “சரி விடு, என்ன பண்றது” என்போமே, அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்க நோயாளிகளிடம் ‘ஃபத்தலிஸ்மோ’, அதாவது எல்லாம் தலைவிதி என்ற எண்ணம் இருப்பதால்தான் தாமதமாக வருகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெகுகாலமாகச் சொல்கின்றன. நான் பார்த்தது வேறு. “கடவுள் சித்தம் இருந்தால்” என்று வாய்க்கு வாய் சொல்கிற அதே பெண், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் தவறாமல் ரேடியேஷனுக்கு வந்து நிற்பாள். பைக்குள் புற்றுநோயாளிகளின் காவலரான புனித பெரெக்ரினோ படம், அதனுடனே அப்பாயின்ட்மென்ட் அட்டை. “முருகன் விட்ட வழி” என்று சொல்லிக்கொண்டே வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்கிற நம் பாட்டிகளை இதற்காக யாராவது விதியை நம்பி விட்டுவிட்டார்கள் என்பார்களா?

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளைக்காரப் பெண்களைவிடக் குறைவு. ஆனால் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அவர்களில் அதிகம். அந்தப் பெண்களைப் புற்றுநோய்களில் அதிகம் பலிகொள்வதும் அதுதான். காப்பீடு இல்லாமை, லீவு கிடைக்காமை, பேச்சு புரியாமை, குடியேற்ற ஆவணம் பற்றிய பயம். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழியை அவர்கள் கடவுள்மேல் போடுவது நியாயமில்லை.

‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதற்கும் காரணம் இருக்கிறது. ‘எச்சாலே கானாஸ்’ என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு: தைரியமா இரு, விடாதே, போராடு. கணவர் சொல்வார், பாதிரியார் சொல்வார், அக்கம்பக்கம் சொல்லும். அன்போடு சொல்வதுதான். ஆனால் அத்தனை பேரும் அதைச் சொன்ன பிறகு, “எனக்கு முடியலை” என்று யாரிடம் வாய்திறப்பது? ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லியாவது இருக்கிறாரா என்று தெரியவில்லை. என்னிடம் வருகிற பெண்களில் பலர் சொல்லியிருக்க மாட்டார்கள். கீமோவில் முடி கொட்டிய நேரத்தில் வீடியோ காலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, “இங்கே இதுதான் இப்போ ஸ்டைல்” என்று அம்மாவிடம் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் உங்கள் அம்மாவிடம் மறைத்தீர்கள். இவர்கள் தங்கள் நோயையே அம்மாவிடம் மறைக்கிறார்கள்.

சரி, குழுவுக்கு ஏன் திரும்பப் போகவில்லை? ஸ்பானிஷில் நடந்தது என்பது உண்மையாக இருக்கும். ஆனால் நாற்காலியை வட்டமாகப் போட்டு, முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் “உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்” என்றால், 52 வயதுப் பெண் என்ன சொல்வார்? ‘கொன்ஃபியான்சா’ என்பார்கள். நம்பிக்கை என்றால் போதாது; ஒருவரோடு பழகிப் பழகி வருகிற உரிமை அது. அது வருவதற்கு முன்னால் எந்தத் துக்கமும் வெளியே வராது. ‘உயிர்பிழைத்தவர்கள் குழு’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தால் அதுவும் ஒரு தடை. பிழைத்துவிட்டேன் என்று நாமே சொல்லிக்கொண்டால் நோய் காதில் விழுந்து திரும்பி வந்துவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இத்தனைக்கும் ‘உயிர்பிழைத்தவர்’ (சர்வைவர்) என்ற அந்தச் சொல்லைப் புற்றுநோய்க்கு நிலைநிறுத்திய அமைப்பு 1986-ல் தொடங்கப்பட்டது, ஸ்பானிஷ் பேசுவோர் நிறைந்த நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில்தான்.

எது பலித்தது என்று சொல்கிறேன். அன்னா மரியா நாப்போலெஸ் என்ற ஆராய்ச்சியாளர், சான்பிரான்சிஸ்கோவின் ‘சிர்குலோ தெ விதா’ போன்ற சமூக அமைப்புகளோடு சேர்ந்து ‘நுவேவோ அமானெசேர்’, புதிய விடியல், என்று ஒரு திட்டம் வகுத்தார். எட்டு வாரம். குழு இல்லை, ஒருவருக்கு ஒருவர். நடத்துகிறவர் சைக்காலஜிஸ்ட் கிடையாது; தானும் மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட, ஸ்பானிஷ் பேசுகிற, அதே சமூகத்துப் பெண். அவரை ‘கொம்பஞேரா’, தோழி, என்பார்கள். மூச்சுப் பயிற்சி, மனசு ஓடுகிற ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துவது, டாக்டரிடம் எதைக் கேட்பது, வீட்டாரிடம் உதவி கேட்பது எப்படி என்று பாடங்கள். 151 பெண்களை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். திட்டத்தில் இருந்த பெண்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. பிறகு கலிஃபோர்னியாவின் கிராமப் பகுதிகளிலும் பத்து வாரத் திட்டமாக அதை நடத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தோழிதான். முலையை இழந்த ஒருத்தி இன்னொருத்தியின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்று சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டும்போது நடப்பதை எந்தத் துண்டறிக்கையும் செய்யாது. படிப்பு முடித்து வந்த புதிதில், நோயாளியிடம் சொந்த விஷயம் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். முதல் வாரத்திலேயே ஒரு பாட்டி, “உனக்குப் பிள்ளைங்க இருக்கா? அம்மா எங்கே இருக்காங்க?” என்று கேட்டார். மழுப்பினேன். அவரும் அன்று முழுக்க மழுப்பினார். அடுத்த வாரம் மதுரையில் இருக்கும் என் அம்மாவின் போட்டோவைக் காட்டினேன். அதன் பிறகுதான் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று சொன்னார்.

உங்களுக்கும் அது பொருந்தும். உங்கள் அம்மாவைப் பற்றித் தியாவிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? பேசலாம். கேள்வி கேட்காமல், உங்கள் கதையை மட்டும். டிசம்பரில் தமாலே செய்யும்போது வீட்டுப் பெண்கள் எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சோளத் தோகையில் மாவு தடவுவார்கள். நம் ஊரில் அப்பளம் இடும் திண்ணை மாதிரி, கை வேலை செய்ய வாய் தானாகத் திறக்கும். நீங்களும் ஒரு தோகையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பானையை உங்கள் வீட்டுக்காரர் ஏற்றி இறக்கட்டும். மாவில் ஒரு கிள்ளு தண்ணீரில் மிதக்கிறதா, பதம் சரியா என்று பார்த்துச் சொல்வது தியாவின் வேலையாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. நீங்கள் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர். ஒன்பது வருட அன்பு உண்மை, அதுவும் உண்மை. நீங்கள் பெயர் கொடுத்த குழுவுக்கு அவர் ஒரு முறை போனதே உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக இருக்கலாம். பெரியவர்களிடமும் வேலை கொடுப்பவரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அவர் வளர்ந்த முறையில் மரியாதைக் குறைவு. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதில் வேலை போய்விடுமோ என்ற பயமும் கலந்திருக்கும். அதனால் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: செக்-அப் நாளுக்கெல்லாம் சம்பளத்தோடு லீவு, கை குணமாகும்வரை கனமான எதையும் தூக்கவேண்டாம், வேலை எங்கேயும் போகாது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரியிலிருந்து வருடத்துக்கு ஐந்து நாள், அதாவது 40 மணி நேரம், சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அது சேரும். அதற்குமேல் நீங்கள் கொடுப்பது உங்கள் மனசு.

ஆவணம் இருக்கிறதா என்று ஒருபோதும் கேட்காதீர்கள். மெடி-கால், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான கலிஃபோர்னியா அரசின் மருத்துவக் காப்பீடு, அந்த அட்டை இருக்கிறதா என்று மட்டும் பேச்சு வந்தால், புதுப்பிப்புக் கடிதம் வந்தவுடன் நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். 2024-ல் ஆவணம் இல்லாத எல்லா வயதினருக்கும் திறந்த அந்தக் கதவு, பெரியவர்களின் புதுச் சேர்க்கைக்கு 2026 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் புதுப்பிக்காமல் விட்டால் மறுபடி நுழைவது கஷ்டம். வருடா வருடம் எடுக்கவேண்டிய மாமோகிராம் அதில்தான் தொங்குகிறது.

முள்சீத்தா இலைக்கு வருகிறேன். அவர்கள் அதை ‘குவனாபனா’ என்பார்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பிலும் அதே மரம் புற்றுநோயைக் கொல்லும் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. நாள்கணக்கில் நிறையக் குடித்தால் நரம்பைக் கெடுக்கலாம். ஆனால் ‘நிறுத்து’ என்று சொன்னால் குடிப்பதை நிறுத்தமாட்டார். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார். ஒரு கைப்பிடி இலையை ஒரு பையில் போட்டு, மாத்திரைகளோடு சேர்த்து மருந்தாளுநரிடம் காட்டச் சொல்லுங்கள். எனக்கு மூலிகை கொண்டுவந்து காட்டுகிறவர்களைத்தான் மிகவும் பிடிக்கும்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். கேல் கீரையும் கினோவாவும் சாப்பிடு என்று பட்டியல் கொடுத்தால் அது குப்பைக்குப் போகும். நியூயார்க்கில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 70 ஹிஸ்பானிக் பெண்களோடு ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பாதிப் பேரை மட்டும் சமையல் வகுப்புக்கும் கடைக்கும் கூட்டிப்போய், அவர்களுடைய சொந்தச் சமையலையே கொஞ்சம் மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் காய்கனி சாப்பிடுவது கூடியது. தியாவின் பீன்ஸும் சப்பாத்திக்கள்ளி மடலும் சோள ரொட்டியும் நல்ல சாப்பாடுதான். அதை அவரிடம் யாராவது சொல்லவேண்டும்.

இனி எங்கே போவது? உங்கள் பக்கத்திலேயே, சான் ஹோசேயில், ‘லத்தீனாஸ் கோன்த்ரா கேன்சர்’ என்ற அமைப்பு இருக்கிறது. தனக்கும் புற்றுநோய் வந்து மீண்ட தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் இசபெல் துரோன் 2003-ல் தொடங்கியது. அங்கே ஸ்பானிஷ் பேசும் வழிகாட்டிகள் உண்டு: அப்பாயின்ட்மென்ட், பாரம், பணம், பயம் எல்லாவற்றிலும் கூட நடப்பவர்கள். 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கிய முறை இது. எனக்குத் தெரிந்து இதைவிட உபயோகமான ஒன்று புற்றுநோய்ப் பிரிவுகளில் வரவில்லை. குழு பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம். “தானும் இதைக் கடந்து வந்த ஒரு பெண், தனியாகப் பேச, கிடைப்பாரா?” என்று கேளுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 1-800-227-2345 எந்நேரமும் உண்டு, ஸ்பானிஷிலும் பேசுவார்கள்.

தியா சம்மதித்தால் மட்டும், ஒரு சனிக்கிழமை காலை, மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, எண்ணை நீங்கள் போடுங்கள். எதிர்முனையில் ஸ்பானிஷ் குரல் கேட்டதும் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். என்ன பேசினார் என்று கேட்கவேண்டாம்.